பிரேக்கக்காவின் வலது கால்

அந்தத் தெருவில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் தெருவே அவளைப் பிரேக்கக்கா என்று கூப்பிட்டது. ஒரே ஒரு சின்னக் கார், கூரை மேல் ஒரு மஞ்சள் பலகை, வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் கூடுதலாக ஒரு பிரேக். அவ்வளவுதான் அவள் பள்ளிக்கூடம். ஆனால் ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வியர்த்துப் போகிறவர்கள், வீட்டுக்காரரிடம் கற்றுக்கொள்ளப் போய்ச் சண்டையில் முடித்துக்கொண்டவர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆசை வந்தவர்கள் என்று யார் வந்தாலும் சரி, தேற்றி எடுத்து ஓட்ட வைத்துவிடுவாள். "நான் பக்கத்துல இருக்கேன், நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் பயம் பறந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவளின் சொந்தப் புருஷன் ஒரே வருஷத்தில் மூன்று தடவை லைசென்ஸ் தேர்வில் கோட்டை விட்டார் என்றால் தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டுப் பல் டாக்டர், அவளிடமே கற்றுக்கொண்டு போனவர், காரின் கண்ணாடியை இறக்கி, சாருக்கு மட்டும் ஃபீஸ் வாங்காமல் சொல்லித் தருகிறீர்களோ, அதுதான் ஏறவில்லையோ என்று கேட்டுவிட்டுப் போனார். அவளும் சிரித்து வைத்தாள். அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிய சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

அவள் புருஷனை எல்லோரும் மெஷின்காரர் என்பார்கள். தையல் மெஷின் பழுது பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு மெஷின் கடையின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், டியூப்லைட்டுக்குக் கீழே வருஷக்கணக்காக வேலை. அங்கிருந்து வெளியே வர இப்போதுதான் ஒரு வழி பிறந்திருந்தது. நகரத்துக்கு வெளியே அங்கங்கே தையல் கூடங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனி, எங்கள் மெஷின்கள் அத்தனையும் உங்கள் பொறுப்பு, வந்துவிடுங்கள் என்றது. ஒரே ஒரு நிபந்தனை. பஸ் போகாத இடங்கள், சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். மனிதர் ஆசையில் ஒரு பழைய வேனைக்கூட வாங்கிவிட்டார். அது வீட்டுக்குப் பின்னால் நீல பிளாஸ்டிக் உறையைப் போர்த்திக்கொண்டு நின்றது. கம்பெனி புது வருஷம் பிறக்கிற வரைக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. வருஷமோ கடைசி நாளுக்கு வந்துவிட்டது, லைசென்ஸ் வந்தபாடில்லை.

மூன்று தடவையும் ஒரே காரணம்தான். பிரேக் போடத் தாமதம். தேர்வுக்கு வேறு வண்டி, அதிகாரி உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதில் அவர் கால் வைத்துவிட்டால் கதை முடிந்தது. மூன்று தடவையும் அவர் கால் வைத்தார். பிரேக்கக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. அவளுடன் ஓட்டும்போது மனிதர் ஒவ்வொரு சிக்னலிலும் வெண்ணெய் மாதிரி நிறுத்துகிறார். தேர்வுக்குப் போனால் மட்டும் காலுக்கு என்ன வந்தது? சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை ரோடாக அடுக்கி, உப்பு ஜாடியை சிக்னலாக நட்டு, எங்கே கால் வைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பாடம் முடிந்ததும் சிக்னலை எடுத்துச் சாப்பாட்டில் தூவிக்கொண்டார்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள். வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் வீட்டிலுள்ள நாலு பேரும் வெளியே போய், நிறுத்தி வைத்திருக்கும் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எங்கேயும் போக மாட்டார்கள். கார் வாங்கிய வருஷம் இதே நாளில் வீட்டில் கரண்ட் போய்விட்டது. வெளிச்சத்துக்காகக் காரில் ஏறினார்கள், பேச்சு வளர்ந்தது. போன வருஷம் என்ன செய்தோம், எது கைவிட்டுப் போனது, வருகிற வருஷத்தை எப்படி வாழப் போகிறோம் என்று அன்றைக்குப் பேசிய மாதிரி வீட்டுக்குள் ஒரு நாளும் பேசியதில்லை. வீட்டுக்குள் பேச்சு கொஞ்சம் கனத்தால் போதும், யாராவது அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார்கள். காருக்குள் எங்கே போவது? மறு வருஷம் கரண்ட் இருந்தும் காருக்குத்தான் போனார்கள். சட்டதிட்டம்கூட உண்டு. பேசுகிறவர் டிரைவர் ஸீட்டில் உட்கார வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. பிரேக்கக்கா தன் முறை வரும் வரை அவளுடைய வாத்தியார் ஸீட்டை விட்டு நகர மாட்டாள்.

அந்த வருஷமும் இருட்டத் தொடங்கும்போது ஏறினார்கள். காரின் பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். அவர்கள் அதற்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். பின்னால் உள்ள பலகையில் டீ பிளாஸ்கும் பிஸ்கட் டப்பாவும்.

முதலில் மகள். காலேஜில் படிக்கிறவள், வாய் ஓயாதவள். இந்த வருஷம் கிடார், நீச்சல், ஒரு வெளிநாட்டு மொழி என்று மூன்றை ஆரம்பித்து ஒன்றையும் முடிக்கவில்லை என்று தைரியமாக ஒப்புக்கொண்டாள். அடுத்த வருஷம் ஒன்றே ஒன்று, ஓரத்தைப் பிடிக்காமல் குளத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீந்தப் போகிறாளாம். ஸ்டியரிங்கைப் பிடித்து நீச்சலடித்தும் காட்டினாள்.

அடுத்தது மெஷின்காரரின் அக்கா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் மேசையில் வேலை. வீட்டிலும் யாராவது கூப்பிட்டால் "லைன்லயே இருங்க" என்பாள். ஊரில் இருக்கிற எல்லோரையும் எல்லோரோடும் பேச வைத்தேன், எனக்கென்று ஒரு போன் செய்ததில்லை, இந்த வருஷத்தை நினைத்தால் அதுதான் உறுத்துகிறது என்றாள். இனிமேல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய சிநேகிதி ஒருத்தியைக் கூப்பிடுவதாக முடிவு செய்திருந்தாள். முதலில் யார் என்பதுகூடத் தயார். கூடப் படித்தபோது சண்டை போட்டுப் பிரிந்தவள், என்ன சண்டை என்று இரண்டு பேருக்கும் இப்போது நினைவிருக்காது.

பிறகு மெஷின்காரர் வந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி ஸீட்டின் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். அவருக்குப் பேச்சு வர வேண்டுமென்றால் சம்மணம் போட்டாக வேண்டும். கை சும்மா இருக்காமல் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திருப்பியது.

"மூணு தடவ போனேன், மூணு தடவயும் அதே தப்பு" என்றார். "இவளும் தொண்டத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தா. எனக்கு வரல. நாளைக்கு அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி வர முடியாதுன்னு சொல்லிடறேன். வேன வித்துடலாம். இந்த ஆசைய விட்டுடறது, அதான் அடுத்த வருஷத்துக்கு என் முடிவு."

குரலில் வருத்தமே இல்லாத மாதிரி சொன்னார். அதுதான் பிரேக்கக்காவுக்குத் தாங்கவில்லை. அந்த வேனுக்கு உறை போர்த்தும்போது அவர் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்ததை அவள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சட்டதிட்டம் வாயைக் கட்டிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மகள் பிளாஸ்கை எடுக்கப் பின்னால் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, பிரேக்ல இருந்து கால எடுங்க. பின்னால சுவரெல்லாம் செவப்பா எரியுது, பேட்டரி போயிடும்."

"என் காலு மேல இருக்கும்மா" என்றார் அவர். மடித்த முழங்காலைத் தட்டியும் காட்டினார்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். பிரேக்கக்காவின் வலது கால் அவள் பக்கத்துப் பிரேக்கைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது.

எஞ்சின் அணைந்திருக்கிறது. சாவி துவாரத்தில் சும்மா தொங்குகிறது. நிற்கிற வண்டிக்கு எதற்குப் பிரேக்? அவள் வெடுக்கென்று காலை எடுத்தாள். சுவர் வெளுத்தது. ஏதோ ஞாபகத்தில் வைத்துவிட்டேன் என்று முனகினாள். அவர் கை தன்னையறியாமல் ஸ்டியரிங்கை ஒரு சுற்றுத் திருப்பியது. சுவர் மறுபடியும் சிவந்தது.

"லைன்லயே இருங்க, இதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொள்ளாத குறையாக மகளின் அத்தை விசாரணையில் இறங்கினாள். தம்பியை இறக்கிவிட்டு மகளை டிரைவர் ஸீட்டில் உட்கார வைத்தாள். மகள் ஸ்டியரிங்கைக் கன்னாபின்னாவென்று திருப்பினாள். சுவர் வெள்ளை. பிறகு அத்தையே உட்கார்ந்து திருப்பிப் பார்த்தாள். அப்போதும் வெள்ளை. மறுபடி மெஷின்காரரை ஏற்றினார்கள். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டாரோ இல்லையோ, சுவர் சிவப்பு.

"அப்ப நான் போய் எங்கயாவது முட்டுனா உனக்குப் பரவால்லயாம்மா?" என்று மகள் கேட்டாள். காரே குலுங்கும்படி சிரித்தார்கள். சட்டதிட்டம் அன்றைக்குக் காற்றில் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, நிற்கிற காருக்குள் என்ன கூத்து என்று எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சிரித்து ஓய்ந்ததும் பிரேக்கக்காவுக்கு ஏதோ உறைத்தது. அந்தக் காரில் இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று இணைந்தவை. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கமும் கீழே போகும். மற்ற மாணவர்களோடு போகும்போது அவள் கால் பிரேக்குக்கு மேலே காற்றில் நிற்கும், தொடாது. கடைசி வினாடி வரை பொறுக்கிறதுதான் அவள் தொழிலே.

"ஏங்க, நம்ம ஓட்டும்போதும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தான" என்றார் அவர் வெகு சாதாரணமாக. "நான் கால வைக்கப் போனா பெடல் முன்னாடியே கீழ போயிருக்கும். பழகற வரைக்கும் வாத்தியார் போட்டுக் குடுப்பாங்க போல, எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அப்படியென்றால் இந்த வருஷம் முழுக்க அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தானாகப் பிரேக் போட்டதில்லை. தேர்வு வண்டியில்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரேக்கைச் சந்தித்திருக்கிறார், அதுவும் அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இவளோ ஒவ்வொரு சிக்னலிலும் "அழகா நிறுத்தினீங்க" என்று பாராட்டியிருக்கிறாள். யாரைப் பாராட்டினாள்? தன் காலைத்தான்.

"அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் பொறுமையா இருந்த காலு, உங்க விஷயத்துல மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டவள், பதிலையும் அவளே சொன்னாள். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" சொல்லும்போதே கண் நிரம்பிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மெஷின்காரர் அசடு வழிந்துகொண்டு பிஸ்கட் டப்பாவை அவளிடம் நீட்டினார். பின் ஸீட்டில் மகளும் அத்தையும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பெரிய மனது பண்ணி டீ குடித்தார்கள்.

அடுத்து அவள் முறை. அவள் எப்போதோ தயாராகத்தான் இருந்தாள். இந்த வருஷம் என்னிடம் படித்தவர்கள் இத்தனை பேர் பாஸ், அடுத்த வருஷம் இன்னொரு கார் வாங்கிப் பள்ளியைப் பெரிதாக்கப் போகிறேன் என்று சொல்வதாக இருந்தது. அதெல்லாம் வாயருகே வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஸீட்டுக்கு மாறச் சொன்னபோதும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் இங்கேயே உக்காந்து சொல்றேன்" என்றாள். "இந்த வருஷம் ஊரையே ஓட்ட வச்சேன். இவர மட்டும் ஓட்ட விடல. அடுத்த வருஷம் பூரா இவர் வண்டில என் காலு மேலதான் இருக்கும்." அப்போதே இரண்டு காலையும் தூக்கி ஸீட்டில் மடக்கிக்கொண்டாள். சின்னக் கார், முழங்கால் போய் டாஷ்போர்டில் இடித்தது. "கம்பெனிக்கு வர முடியாதுன்னு சொல்லாதீங்க. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கேளுங்க."

மறுநாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது வேனின் நீல உறை மடித்து வாசலில் வைக்கப்பட்டிருந்தது.

கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள், சரி என்றார்கள். வேனில் இரண்டாவது பிரேக் கிடையாது. லீவு நாட்களில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்துக்கு அதைக் கொண்டு போனார்கள். முதல் நாள் அவர் பிரேக்கை மிதித்த மிதியில் அவளுடைய கைப்பை பறந்து போய்க் கண்ணாடியில் மோதியது. அடுத்த மிதி தாமதமாகி, குப்பை டிரம் ஒன்று உருண்டோடியது. அவர் வேனை விட்டு இறங்கிப் போய் டிரம்மிடம் மன்னிப்புக் கேட்காத குறையாக அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். பிரேக்கக்கா சம்மணம் போட்டு, கைப்பையை மார்போடு அணைத்து, அதன் வாரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரில் அவள் பல் பதிந்த தடம் இன்றைக்கும் இருக்கிறது. பல் டாக்டர் பார்த்தால் அளவெடுத்துவிடுவார்.

காலை அடக்குவது லேசில்லை. மடித்த காலுக்குள் விரல்கள் தனியாகச் சுருண்டு பிரேக் போட்டன. அவள் ஏற்கனவே பஸ்ஸில் போனாலும் கண்மூட மாட்டாள். டிரைவர் போடாத பிரேக்கையெல்லாம் இவள் தரையில் போட்டுக்கொண்டு வருவாள். ஓடுகிற வண்டியில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் மெஷின்காரர் கனமான கருவிப் பெட்டியோடு மாடிப்படி இறங்கினார். சமையலறையில் நின்றுகொண்டு இவள் கால் தரையை அமுக்கியது. மகள் பார்த்துவிட்டு, படிக்கட்டு நின்றுவிட்டதா அம்மா என்று கேட்டாள்.

மைதானத்திலிருந்து சந்துக்கும், சந்திலிருந்து பெரிய ரோட்டுக்கும் வந்தார்கள். ஒரு நாள் மழைத் தூறல். பள்ளிக்கூடம் விட்ட நேரம். நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பந்து உருண்டு ரோட்டுக்கு வந்தது. நிறுத்துங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வேன் ஏற்கனவே நின்றிருந்தது. கைப்பை மடியிலேயே இருந்தது. பந்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து எடுத்துக்கொண்டு போனாள். இவள் பார்க்கும் முன்னே அவர் பார்த்திருக்கிறார். மெஷினுக்குள் ஒரு ஊசி அரை நூல் பிசகினாலே கண்டுபிடிக்கிற கண்ணாயிற்றே அது. அந்தக் கண்ணை ஒரு வருஷமாக வேலை செய்ய விடாமல் மறித்து வைத்திருந்தது தான்தான் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

"பாத்தீங்களா, பந்து வந்தா பின்னாலயே பிள்ள வரும்" என்று வாத்தியார் தோரணையில் சொல்லி வைத்தாள்.

"அதான் நின்னேன்" என்றார் அவர்.

நாலாவது தடவை தேர்வு முடிந்து வந்தபோது அதிகாரி பேப்பரை ஒரு முறை, மெஷின்காரரை ஒரு முறை பார்த்து, முன்னால் மூன்று தடவை வந்தவர் இவர்தானா, இல்லை இவருக்கு அண்ணன் தம்பி யாராவது உண்டா என்று கேட்டாராம். தெரு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை பிரேக்கக்காவும் சேர்ந்து சிரித்தாள். பல் டாக்டரிடம் போய், ஃபீஸ் வாங்கியாகிவிட்டது, என் கைப்பை வார்தான் ஃபீஸ் என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

கம்பெனி வேலையின் முதல் நாள் அவள் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டு அவரோடு போனாள். மேடும் வளைவுமாக நீண்ட ரோடு. ஒவ்வொரு கூடத்திலும் மெஷின்கள் வரிசையாக ஓடும் சத்தத்துக்கு நடுவே அவர் நடந்து போனார். ஒரு மெஷினைத் தாண்டும்போது நின்று, காதைச் சாய்த்து, இதுதான் என்று காட்டினார். தையற்காரப் பெண்கள் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். கூடத்தின் பெரிய ஜன்னல்கள் வழியாக வந்த வெயில் அவர் கழுத்தில் விழுந்தது. அடித்தளத்தில் அத்தனை வருஷம் இருந்த அந்தக் கழுத்தில் வெயில் படுவதை அவள் ஓரமாக நின்று ஆசை தீரப் பார்த்தாள்.

சாயங்காலம் திரும்பினார்கள். வேன் சீராகப் போய்க்கொண்டிருந்தது. கருவிப் பெட்டி பின்னால் லேசாகக் கலகலத்தது. பாதி வழி வரைக்கும் ஏதோ பேசிக்கொண்டு வந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பல் டாக்டர் வீட்டுப் பலகை ஜன்னலைக் கடந்து பின்னால் போனது. அப்புறம் அவர்கள் வீட்டு வாசல். மகளும் அத்தையும் படியில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக் கையாட்டினார்கள், இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலும் பின்னால் போனது.

"என்னங்க, வீடு தாண்டிடுச்சு" என்றாள் திடுக்கிட்டு.

"தெரியும். அஞ்சாறு தடவ தாண்டியாச்சு" என்றார் அவர் ரோட்டைப் பார்த்தபடியே. "அசந்து தூங்கிட்டிருந்த. நிறுத்தினா நீ முழிச்சுக்குவியோன்னு சுத்திட்டிருக்கேன்."

அவள் குனிந்து பார்த்தாள். சம்மணம் எப்போதோ கலைந்திருந்தது. செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடந்தது. அவளுடைய வலது கால் தரையில் நீண்டு, விரல்கள் தளர்ந்து, எதையும் அமுக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு சுத்து போங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.